பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

என் தாய்மாமனிடம் 1968-ஆம் ஆண்டில் பதிவான அம்பாசடர் மார்க் II கார் ஒன்று இருக்கிறது. அவருடைய தந்தையார் வாங்கியது. அதன் ரேடியேட்டரைப் பழுது பார்ப்பதா, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிடுவதா என்று சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு எழுந்தது. பழுது பார்க்க வேண்டும் என்று வாதாடியவன் நான் ஒருவனே. அந்த வழக்கில் குற்றவாளியும் நானே என்பதைப் பின்னால் சொல்கிறேன். இயற்பியல் மாணவனுக்கு ஓட்டை ரேடியேட்டரில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுப் படியுங்கள்.

என்ஜினைச் சுற்றி வந்த வெந்நீர் மேல்தொட்டிக்கு வருகிறது. மெல்லிய குழாய்களின் வழியே கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் வெப்பத்தைக் குழாய்களைச் சுற்றியுள்ள தகடுகளுக்குக் கொடுக்கிறது. காற்று அதை வாரிக்கொண்டு போகிறது. செய்தி இவ்வளவுதான். ஆனால் இந்த எளிய செய்திக்கு வர மனிதனுக்குச் சில காலம் பிடித்தது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் சென்றபோது வழியெல்லாம் நீர் வாங்கி ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் வில்ஹெல்ம் மைபாக், 8,070 சிறு குழாய்களை ஒன்றாகப் பற்றவைத்துத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை மெர்சிடிஸ் காருக்குச் செய்து முடித்தார். ஒவ்வொரு குழாயையும் பற்றவைத்த கைகளை எண்ணிப் பாருங்கள்!

எங்கள் வழக்குக்கு வருகிறேன். கோடை விடுமுறையில் மாமாவின் காருக்கடியில் சொட்டுச் சொட்டாக நீர் கசிவதைக் கண்டேன். பழைய டிரைவர்கள் மஞ்சள்தூளை ரேடியேட்டரில் போட்டு ஓட்டை அடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மாவின் மஞ்சள் டப்பாவில் பாதியைக் கொட்டினேன். ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி நிரப்பினேன். கசிவு நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குன்னூரில் ஒரு திருமணம். பர்லியாறு தாண்டி ஏறும்போது முன்புறம் ஆவி கிளம்பியது. மலையேற்றத்தில் என்ஜினுக்குச் சுமை மிகுதி, வண்டியின் வேகமோ குறைவு, எதிர்க்காற்றும் போதாது. மாமா துணியைச் சுற்றி மூடியைத் திறக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் நீர் நூறு டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். மூன்றாண்டுப் படிப்பில் நான் ஈட்டிய ஒரே பயன் அன்று மாமாவின் முகத்தைக் காத்தது. முகூர்த்தத்துக்குப் புறப்பட்டவர்கள் கடைசிப் பந்திக்குப் போய்ச் சேர்ந்தோம்.

உதிரிபாகக் கடைக்காரர் அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைக் காட்டினார். எடை குறைவு, புத்தம் புதியது, ஆனால் பழைய துளைகளுக்குப் பொருந்தாது. முன்பலகையில் நான்கு துளை போட்டால் அரை மணி நேர வேலை என்றார். மாமா ஏறக்குறைய இணங்கிவிட்டார். அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் உத்தர்பாராவில் நின்றுபோன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது என்பது அவர் கேள்வி. "ஒரே ஒரு நாள் பொறுங்கள்" என்று கெஞ்சி, ரேடியேட்டரைக் கழற்றிப் பழைய பட்டறை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றேன்.

அங்கிருந்த பெரியவர் வாய்களை அடைத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போலத்தான். இரண்டு குழாய்களில் குமிழி வந்தது. பிறகு மேல்தொட்டியின் விளிம்பைச் சூடாக்கினார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். பித்தளைக்கு அது ஒரு சூடே அல்ல. தொட்டி தனியே கழன்று வந்தது. உள்ளே பாதிக் குழாய்களின் வாயில் மஞ்சள் களிம்பு, அதன்மேல் உப்புப் படிவு!

"ஏந் தம்பி, இதென்ன ரேடியேட்டருங்களா, குழம்புச் சட்டிங்களா?" என்றார் பெரியவர். மாமா என்னைப் பார்த்தார். ஒப்புக்கொண்டேன்.

என் கருத்தின் வேர் அந்தப் பட்டறையில்தான் இருக்கிறது. அன்று புதியதை மாட்டியிருந்தால் காரணம் தெரிந்தே இருக்காது. என்ஜினுக்குள் தங்கியிருந்த மஞ்சளும் துருவும் புதிய ரேடியேட்டருக்குள்ளும் போய் அமர்ந்திருக்கும். பழுது பார்ப்பவன் ஏன் கெட்டது என்று கேட்கிறான். மாற்றுகிறவனுக்கு அந்தக் கேள்வி தேவைப்படுவதில்லை. பிளாஸ்டிக் தொட்டியை அலுமினியத்தில் மடித்து இறுக்கிச் செய்யும் இக்கால ரேடியேட்டரை, கேட்க விரும்பினாலும் எளிதில் திறக்க முடியாது. பற்றாசு வைத்தவனோ பின்னால் ஒருவன் வந்து திறப்பான் என்று எண்ணியே வைத்திருக்கிறான்.

பழைய வண்டியின் ஏற்பாடு அறியாமல் மாற்றுவதில் வேறொரு கேடும் உண்டு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நீரேற்றும் பம்பே கிடையாது. சூடான நீர் தானே மேலெழுந்து, குளிர்ந்த நீர் தானே கீழிறங்கிச் சுற்றும். அதில் குறுகிய குழாய்களுள்ள ரேடியேட்டரை மாட்டினால், பார்வைக்குப் புதிதாக இருக்கும், நீரோட்டம் தளர்ந்துவிடும்.

ஆனாலும் பழமைப் பித்தர்களோடு நான் சேரவில்லை. நாள்தோறும் ஓடும் இக்காலக் காருக்கு அலுமினியமே தகும். செம்பு வெப்பத்தை ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தினாலும், எடை மூன்று மடங்குக்கு மேல். பழைய காரிலும் குழாய்கள் அரித்துப்போன பின் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போவது மூடத்தனம். அடைக்க அடைக்கக் குளிரும் பரப்பு குறையும். அப்போது தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுக்கூட்டை மட்டும் புதிதாகப் போட வேண்டும். மைய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிகள், 50 ஆண்டு கடந்த பழங்காருக்கு அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்கின்றன. ரேடியேட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. முடிவு உரியவரின் அறிவுக்கே விடப்பட்டிருக்கிறது. முன்பலகையில் துளை போடாத எந்த முடிவுக்கும் நான் கைதூக்குவேன்.

பெரியவரின் தொழிலைப் பாடிப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. ஈயம் நஞ்சு. அவர் கையுறை அணிவதில்லை. அமிலப் புகையில் இருமிக்கொண்டே வேலை செய்கிறார். மகனை இத்தொழிலுக்கு வரவிடவில்லை என்று அவர் சொன்னபோது, வரவிட்டிருக்கலாமே என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயினும் அவருக்குப் பிறகு இந்த ஊரில் யாரிடம் தூக்கிக்கொண்டு போவது? நியூட்டனின் குளிர்ச்சி விதிக்கு வரைபடம் போட்டு மதிப்பெண் பெறும் நாம், குளிர வைக்கும் கருவி ஒன்றைத் திறந்தும் பார்த்ததில்லை. துறைத் தலைவர் அவர்கள் மனம் வைத்தால், ஒரு பிற்பகல் செய்முறை வகுப்பை அந்தப் பட்டறையில் நடத்தலாம். ஞாயிறு தவிர என்று வேண்டுமானாலும் வரலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். கையுறை நாம் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவருக்கும் ஒரு சோடி சேர்த்து.

இரண்டு குழாய்கள் அடைபட்ட அந்த ரேடியேட்டர் இப்போது கூலண்ட் கலந்த தூய நீரோடு ஓடுகிறது. வருகிற கோடையில் மீண்டும் குன்னூர் ஏற வேண்டும். நடுக்கூட்டுக்கென்று மாமா தனியே பணம் எடுத்து வைத்திருக்கிறார். மஞ்சள் டப்பாவை அம்மா என் கைக்கு எட்டாத தட்டில் வைத்திருக்கிறார்.