சாவுக்குக் காரணம் எழுதுவது யார்?

பஞ்சாலையில் தொழிலாளி மிஷினில் சிக்கிச் சாகிறான். "அவன் கவனக்குறைவு" என்கிறது நிர்வாகம். வயலில் பூச்சிமருந்து அடித்த கூலியாள் சுருண்டு விழுந்து சாகிறான். "பழைய வியாதி" என்கிறார் பண்ணையார். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்ல முடியுமா? அவனுக்காகக் கேள்வி கேட்பது யார்?

இங்கிலாந்தில் இதற்கென்றே ஓர் அதிகாரி உண்டு. கரோனர் என்று பெயர். 1194-ல், மன்னனின் கஜானாவுக்குச் சேரவேண்டியதைக் காக்க ஏற்பட்ட உத்தியோகம் அது. இன்று சந்தேகச் சாவு, சிறைச் சாவு, வேலைத்தலச் சாவு எல்லாம் அவர் முன் வருகின்றன. பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிடுவார், சாட்சிகளை அழைப்பார், சில வழக்குகளில் ஜூரியை அமர்த்துவார். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி? இந்த நான்குதான் அவர் கேள்விகள். தண்டிக்கும் அதிகாரம் அவருக்கில்லை.

"எப்படி" என்ற அந்த நான்காவது கேள்வியில்தான் சூட்சுமமெல்லாம் இருக்கிறது!

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். கால்பந்து பார்க்க வந்த லிவர்பூல் மக்களை, ஏற்கெனவே நிரம்பியிருந்த அடைப்புகளுக்குள் போலீசார் போகவிட்டார்கள். நெரிசலில் 96 பேர் மாண்டார்கள்; அன்று படுகாயமுற்ற இன்னொருவர் 2021-ல் இறந்தார். கரோனர் என்ன செய்தார்? பத்து வயதுச் சிறுவன் உள்பட, செத்தவர்களின் ரத்தத்தில் மது இருக்கிறதா என்று சோதித்தார்! பிற்பகல் 3.15-க்குப் பின் நடந்ததை விசாரிக்க மறுத்தார். 1991-ல் வந்த முடிவு: "விபத்து."

பெற்ற தாய்மார்கள் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்ட மோசடி 2012-ல் முழுமையாக வெளிவந்தது. பழைய முடிவு ரத்தாயிற்று. வேறொருவர் தலைமையில் மறுவிசாரணை நடந்து, 2016-ல் ஜூரி சொன்னது: "சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள்." ரசிகர்கள் மீது குற்றமில்லை என்றும் சொன்னது.

அதே பிணங்கள், அதே உத்தியோகம். மாறியது எது? மக்களின் போராட்டம் அதை மாற்றியது!

நம் நாட்டில் இன்று கரோனர் இல்லை. அந்த வேலை போலீசாரிடம் இருக்கிறது. காவலில் செத்தால் மாஜிஸ்டிரேட் விசாரிக்க வேண்டும். மற்றச் சந்தேகச் சாவுகளில், அக்கம்பக்கத்தார் இருவரையாவது வைத்துக்கொண்டுதான் போலீஸ் பிணத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறவர்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம்.

தோழர்களே! அந்த அக்கம்பக்கத்தார் யார்? மேஸ்திரியும் பண்ணையாளின் காரியஸ்தருமா? நாமல்லவா அங்கே நிற்க வேண்டும்! வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொய்யென்றால் மறுத்துவிடுங்கள். சங்கத்துக்கு உடனே ஆளனுப்புங்கள்.

செத்தவனுக்கு வாயில்லை. நமக்கு இருக்கிறது!