எல்லாம் கொழுக்கட்டைதானா?

“எந்த நாட்டுக்குப் போனாலும் மாவுக்குள்ள எதையாவது வெச்சு மூடி வேகவெச்சுத்தான் திங்கிறான். சீனாக்காரன் ஒரு பேரு சொல்றான், நேபாளத்துக்காரன் ஒரு பேரு சொல்றான், நாம கொழுக்கட்டைங்கிறோம். எல்லாம் ஒண்ணுதான் பாஸ்.”

வீட்டில் வரெனிக்கி செய்கிறேன் என்று எப்போது சொன்னாலும் யாராவது ஒருவர் இந்த வசனத்தைப் பேசிவிடுகிறார். பேசுபவர் பெரும்பாலும் நல்ல வாசகர், உலக இலக்கியம் படித்தவர். சொல்லி முடித்ததும் மனிதகுலத்தின் ஒற்றுமையைக் கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு டீயை எடுத்துக் குடிப்பார். கூட்டத்தில் இன்னும் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் இருந்தால், “ஓ, அந்த ரஷ்யன் டிஷ்ஷா?” என்பார். இந்த இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பது என் கட்சி. முதல் ஆள் பெயரை அழிக்கிறார். இரண்டாம் ஆள் அழித்த இடத்தில் வேறு பெயரை எழுதுகிறார்.

முதலில் பண்டத்தைப் பார்த்துவிடலாம். வரெனிக்கி என்பது பன்மை. ஒன்றே ஒன்று என்றால் வரெனிக். உக்ரைனிய மொழியில் ‘வரித்தி’ என்றால் வேகவைப்பது, பெயர் அதிலிருந்து வந்தது. கோதுமை மாவை மெல்லிசாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, நடுவில் பூரணம் வைத்து, அரைநிலாவாக மடித்து, ஓரத்தை விரலால் அழுத்தி, கொதிக்கும் உப்புத்தண்ணீரில் போட்டு எடுப்பது. வடிவத்தில் சோமாசிக்குத் தங்கை. உள்ளே என்ன வைப்பார்கள்? வதக்கிய வெங்காயம் சேர்த்த உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், காளான், பாலைத் திரித்து வடித்த ‘சிர்’ என்ற தயிர்க்கட்டி, கசகசா, கோடைக்காலத்தில் புளிப்புச் செர்ரி. மேலே வெண்ணெயோ, ஸ்மெத்தானா என்ற புளித்த க்ரீமோ, பன்றிக் கொழுப்பில் பொரித்த வெங்காயமோ வரும். ரஷ்யர்களின் பெல்மெனி வேறு. அதில் பச்சைக் கறியைக் கொத்தி வைத்து மூடுவார்கள், உருவமும் சிறிது. வரெனிக்கியின் பூரணம், பழத்தைத் தவிர, பெரும்பாலும் முன்பே வெந்தது. அதனால்தான் கொதிதண்ணீரில் அதற்குச் சில நிமிடங்களே போதும்.

நம்ம கொழுக்கட்டையோ அரிசிமாவு, ஆவியில் வேகிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒளித்துவைக்கும் செயல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்று என்றால், அட்டை போட்டு மூடியிருப்பதால் திருக்குறளும் டெலிபோன் டைரக்டரியும் ஒன்று.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் டீமில் கார்கிவ் நகரத்திலிருந்து வேலை செய்த ஒரு பெண். 2022 கடைசியில் ரஷ்யா உக்ரைனின் மின் நிலையங்களைக் குறிவைத்து அடித்துக்கொண்டிருந்த குளிர்காலம். கரன்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் அவருடைய மீட்டிங்குகள். அப்படி ஒரு நாள், வேலை முடிந்தபிறகும் கரன்ட் மிச்சமிருந்ததால், வீடியோவில் எனக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுத்தார். அரைக் கிலோ மைதாவுக்குக் கால் லிட்டர் சுடுதண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய். கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, அரைமணி நேரம் அதைத் தொடவே கூடாது. அவசரப்பட்டால் மாவு சுருங்கிக்கொண்டே இருக்கும், தேய்க்க விடாது. அரைமணி கழித்துப் பாருங்கள், சொன்ன பேச்சு கேட்கும். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வெட்ட வேண்டியதுதான்.

உருளைக்கிழங்கில்தான் விஷயமே இருக்கிறது. தோல் சீவி வேகவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, அதே பாத்திரத்தில் அடுப்பில் ஒரு நிமிடம் உலர்த்தி, சூட்டோடு மசிக்கணும். ஈரம் இருந்தால் மாவை ஊறவைத்துக் கிழித்துவிடும். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிக் கொஞ்சம் கருக்கும்வரை நிதானமாக வதக்கிச் சேர்க்கணும். உப்பு, மிளகு. அவ்வளவுதான். (“ஒரு பச்சமொளகா கீறிப் போட்டா என்ன?” என்று அம்மா கேட்டார். போடலாம். போட்டும் சாப்பிட்டோம்.) மூடும்போது ஓரத்தில் ஒரு துளி எண்ணெயோ பூரணமோ பட்டிருந்தால் அது ஒட்டாது, தண்ணீரில் வாயைப் பிளந்துகொள்ளும். மிதந்து மேலே வந்தபிறகு இரண்டு நிமிடம் வைத்து, அரித்தெடுத்து, உடனே வெண்ணெயில் புரட்டணும். இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும்.

அந்தப் பெண்ணின் வீட்டு மொழி ரஷ்ய மொழி. கார்கிவ்வில் இது சாதாரணம். ஆனாலும் எங்கள் கம்பெனிச் சாட்டில் யாரோ அவர் அனுப்பிய படத்துக்குக் கீழே ‘ரஷ்யன் மோமோஸ்’ என்று எழுதியபோது அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: ‘உக்ரைனிய வரெனிக்கி.’ சிரிப்பு பொம்மைகூடப் போடவில்லை. ஒரு டம்ப்ளிங்குக்கு இவ்வளவு சீரியஸாவதா என்று பின்னாடி ரெண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

ஆகத்தான் வேண்டும். 2021 ஜூலை 12 அன்று புதின் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்பது அதன் வாதம். ஏழு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24 அன்று, டாங்குகள் எல்லை தாண்டின. டீ குடித்தபடி ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொல்லும் நண்பர் டாங்க் ஓட்டவில்லை என்பது எனக்கும் தெரியும். அவரையும் அந்தக் கட்டுரையையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் ‘உணவுக்கு எல்லை கிடையாது’ என்ற வாக்கியத்தைச் சொகுசாகச் சொல்ல முடிகிறவர் யார்? யாருடைய எல்லையை யாரும் அழிக்கவில்லையோ அவர்தான். நம்மையெல்லாம் மொத்தமாக ‘மதராஸி’ என்று அடைத்துப் பேசும்போது நமக்குச் சுருக்கென்று ஏறுகிறதே, அப்போது மட்டும் மனிதகுல ஒற்றுமை எங்கே போகிறது?

தமிழ் வாசகர்களுக்கு இதில் தனியாக ஒரு பங்கு உண்டு. நம் தலைமுறையின் அப்பாக்கள் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைக் கொள்ளை மலிவு விலையில் வாங்கிப் படித்தவர்கள். அந்தப் புத்தகங்களை நானும் நேசிக்கிறேன், அந்தக் காகிதத்தின் வாசம் உட்பட. ஆனால் அவை நமக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போயின. சோவியத் என்றால் ரஷ்யா, அங்கிருந்து வந்த எல்லாமே ‘ருஷ்ய இலக்கியம்’ என்ற ஒரே பை. அந்தப் பையில் நாம் கோகோலையும் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டோம்.

கோகோல் பிறந்தது 1809இல், பொல்தாவா பகுதியில், இன்றைய உக்ரைனில். எழுதியது ரஷ்ய மொழியில்தான், அதில் சண்டை இல்லை. அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த புத்தகம் 1831லும் 1832லும் இரண்டு பாகமாக வந்த ‘திகாங்கா அருகே ஒரு பண்ணையில் மாலைப்பொழுதுகள்’. அதன் முன்னுரையின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. ஹலூஷ்கி என்றால் என்ன, புரியாக் என்றால் பீட்ரூட், இப்படி உக்ரைனியச் சொற்களுக்கெல்லாம் அகரவரிசையில் ரஷ்ய விளக்கம். யோசித்துப் பாருங்கள். ரஷ்ய வாசகனுக்கு அகராதி போட்டு விளக்க வேண்டியிருந்த சாப்பாட்டை, இருநூறு வருடம் கழித்து சென்னையில் உட்கார்ந்துகொண்டு ‘ரஷ்யன் டிஷ்’ என்கிறோம். கோகோலுக்கே தெரிந்த வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் ‘கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு’ கதை வருகிறது. கொல்லன் வக்கூலா, சாத்தானோடு உறவுள்ளவன் என்று ஊரே நம்பும் பட்ஸ்யூக்கைத் தேடிப் போகிறான். பட்ஸ்யூக் ஒரு காலத்து ஸபரோஷிய கோசாக். தொந்தி போட்டு, கையைத் தூக்கவும் சோம்பல்பட்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே வரெனிக்கி. அவன் வாயைத் திறக்கிறான். ஒரு வரெனிக் தானாகத் துள்ளி ஸ்மெத்தானாவில் விழுந்து, புரண்டு, எழும்பி, அவன் வாய்க்குள் போகிறது. மென்று விழுங்குவது மட்டும்தான் அவன் வேலை. பார்த்துக்கொண்டே இருந்த வக்கூலாவின் வாய்க்கும் ஒன்று பாய்ந்து உதட்டில் ஸ்மெத்தானாவைப் பூசிவிட, அவன் பதறித் துடைக்கிறான். ஏன் பதறுகிறான்? அன்று விரத நாள்.

இங்கேதான் ‘எல்லாம் ஒண்ணுதான்’ பேர்வழி தோற்றுப்போகிறார். உக்ரைனியக் கிறிஸ்துமஸ் முந்தின இரவுச் சாப்பாட்டில் வழக்கமாகப் பன்னிரண்டு பதார்த்தம். இறைச்சி கிடையாது, பால் கிடையாது. வரெனிக்கி உண்டு. ஆனால் கோஸோ உருளைக்கிழங்கோ காளானோ வைத்தது, மேலே எண்ணெய் மட்டும். தயிர்க்கட்டி வைத்து வெண்ணெய் ஊற்றிய வரெனிக்கிக்கு வேறு நாள் இருக்கிறது, பெருநோன்புக்கு முந்தைய மாஸ்னித்ஸியா வாரம். ரஷ்யாவில் அதே வாரத்தில் ப்ளினி என்ற தோசை வகை. ஒரே பண்டம், உள்ளே இருப்பதையும் மேலே ஊற்றுவதையும் வைத்து நாள்காட்டியாக மாறுகிறது. இந்த நாள்காட்டி தெரியாவிட்டால் கோகோலின் அந்தக் காட்சியில் பாதி நகைச்சுவை போச்சு. அந்த நாள்காட்டியே இப்போது போரில் இருக்கிறது. 2023இல் உக்ரைன் சட்டம் போட்டு கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றியது. மாஸ்கோவோடு ஒரே நாளில் கொண்டாட மாட்டோம் என்ற முடிவு.

கதையில் வக்கூலா அங்கிருந்து சாத்தான் முதுகிலேறி பீட்டர்ஸ்பர்க் போகிறான், காதலிக்காகப் பேரரசி காத்தரீனிடம் காலணி கேட்க. அவனுக்கு முன்னால் ஸபரோஷிய கோசாக்குகள் நின்று எங்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அது வேடிக்கைக் காட்சி. 1775இல் காத்தரீன் அவர்களுடைய கோட்டையான ஸிச்சை இடித்துக் கலைத்தார் என்பது தெரிந்தவனுக்கு வேடிக்கை தொண்டையில் நிற்கும். 1863இல் உக்ரைனிய மொழியில் பாடநூல்களுக்கும் சமய நூல்களுக்கும் தடை வந்தது. 1876இல் ஜார் எம்ஸ் நகரத்தில் இருந்தபடி போட்ட ஆணை அந்த மொழியில் அச்சிடுவதையே ஏறக்குறைய நிறுத்தியது. கோகோல் ஏன் ரஷ்ய மொழியில் எழுதினார் என்று கேட்பவர்கள், பேரரசு எந்த மொழிக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

அடுத்து மாவு. 1932, 33இல் ஸ்டாலின் அரசு உக்ரைனியக் கிராமங்களிலிருந்து தானியத்தை வழித்தெடுத்தது. 1932 ஆகஸ்ட் 7ஆம் தேதிச் சட்டப்படி கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கியவருக்கும் பத்து வருடச் சிறையோ மரணமோ கிடைக்கலாம். பல லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். ஹொலோடோமோர் என்று அதற்குப் பெயர். அதற்கு ஆறே வருடத்தில், 1939இல், சோவியத்தின் புகழ்பெற்ற சமையல் புத்தகம் வெளிவந்தது, ருசியான ஆரோக்கியமான உணவைப் பற்றி. அரைக் கிலோ மாவை எடை போடும்போது எனக்கு இந்த இரண்டு வருடங்களும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன. நம் அப்பாக்கள் படித்த மலிவுப் பதிப்புகளில் சமையலறை நிறைய வந்தது, இந்தப் பட்டினி வரவில்லை.

“அப்ப நீ தூய்மைவாதியா?” என்று கேட்பார்கள். இல்லை. உருளைக்கிழங்கே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, உக்ரைன் கிராமங்களில் பரவலானது 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான். ஆகவே ‘ஆதிப் பாரம்பரிய’ உருளைக்கிழங்கு வரெனிக்கி என்று யாராவது சொன்னால் நானே சிரிப்பேன். மேற்கு உக்ரைனின் கலீசியாவில் இதே பண்டத்தின் பெயர் பிரோஹி. 1891இலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அந்தப் பெயரையே கொண்டுபோனார்கள். ஆல்பர்ட்டாவின் க்ளெண்டன் என்ற சின்ன ஊரில் முள்கரண்டியில் குத்திய ராட்சத பிரோஹிக்குச் சிலையே இருக்கிறது. பக்கத்துப் போலந்தில் பியரோகி. இவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், கொடுக்கல் வாங்கல் உண்டு, யாரும் மறுக்கவில்லை. சொந்தக்காரர்கள் என்பதால் எல்லாருக்கும் ஒரே ரேஷன் கார்டு கொடுத்துவிட முடியாது.

செய்முறையிலும் அப்படித்தான். சென்னையில் ‘சிர்’ எனக்குக் கிடைத்ததில்லை. பனீரை உதிர்த்து, துணியில் தொங்கவிட்ட தயிர் கொஞ்சம் சேர்த்தால் பக்கத்தில் வரும். புளிப்புச் செர்ரிக்கு டின்னில் வரும் சிவப்புச் சர்க்கரை உருண்டையைப் போடாதீர்கள், அது அநியாயம். நான் களாக்காயை விதை எடுத்து, ஒரு சிட்டிகை சோளமாவு புரட்டி வைத்துப் பார்த்தேன். பிரமாதமாகவே இருந்தது. சாப்பிடக் கொடுக்கும்போது ‘களாக்காய் வரெனிக்கி, உக்ரைன்காரர்கள் செர்ரியில் செய்வார்கள்’ என்று சொல்லிக் கொடுத்தேன். ஐந்தே வார்த்தை. அதற்குமேல் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பூரணத்தை மாற்று, மசாலா போடு, இட்லித் தட்டில் அவி. யாரிடமிருந்து வாங்கினாய் என்பதை மட்டும் விழுங்காதே.

பதிப்பாளர்களிடமும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. கோகோலின் அந்தக் கதையைத் தமிழில் இனி யாராவது புதிதாகக் கொண்டுவந்தால், பட்ஸ்யூக்கின் வாய்க்குள் கொழுக்கட்டையைப் பாயவிடாதீர்கள், வரெனிக்கி என்றே போடுங்கள். பின்னட்டையில் ‘ருஷ்யக் கிராமத்து வாழ்க்கை’ என்று எழுதாதீர்கள், திகாங்கா பொல்தாவாவில் இருக்கிறது. கோகோல் தானே உட்கார்ந்து எழுதிக்கொடுத்த சொற்பட்டியலையும், இடம் போதவில்லை என்று வெட்டாமல், அவர் வைத்த இடத்திலேயே அச்சிடுங்கள்.