பார்வை மங்கும் வரை காத்திருக்கலாமா?

நீரிழிவு என்பது நடுத்தர வயதைக் கடந்தவர்களின் நோய் என்ற எண்ணமே எமது சமூகத்தில் இன்னமும் மேலோங்கிக் காணப்படுகிறது. ஆனால், பாடசாலை செல்லும் பிள்ளைகளையும் இளவயதினரையும் பீடிக்கும் முதலாம் வகை நீரிழிவு இதிலிருந்து வேறுபட்டதாகும். உடலின் நோய் எதிர்ப்புத் தொகுதியே சதையியிலுள்ள இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்து விடுவதால் ஏற்படும் இந்நோய்க்கு, பிள்ளை இனிப்பு உண்டதோ பெற்றோரின் கவனக்குறைவோ காரணமல்ல. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும் வரை, இது பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையாகவே இருந்தது. இன்று இன்சுலின் அவர்களை வாழ வைக்கிறது. ஆனால், நீண்ட காலம் வாழப்போகும் அவர்களின் பார்வையைப் பாதுகாப்பதில் போதிய அக்கறை காட்டப்படுகின்றதா என்பதே எம்முன் எழும் கேள்வியாகும்.

குருதியில் சீனியின் அளவு நீண்ட காலம் உயர்ந்திருக்குமானால், விழித்திரையிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து சிறு குமிழ்கள் போல் புடைக்கின்றன. பின்னர் அவற்றிலிருந்து குருதியும் நீர்மமும் கசியத் தொடங்குகின்றன. இந்த ஆரம்ப மாற்றங்கள் நிகழும்போது வலியில்லை, பார்வையும் மங்குவதில்லை. கரும்பலகையிலுள்ள எழுத்தைக் கடைசி வாங்கிலிருந்து தெளிவாக வாசிக்கும் மாணவனின் விழித்திரையிலும் நோய் தொடங்கியிருக்கலாம். பார்வை குறைவதை நோயாளி தாமாக உணரும் வேளையில் பாதிப்பு பெரும்பாலும் முற்றி விடுகின்றது. அந்நிலையில் லேசர் சிகிச்சையும் கண்ணுள் செலுத்தப்படும் ஊசி மருந்தும் எஞ்சிய பார்வையைக் காக்க உதவுமேயன்றி, இழந்தது முழுவதையும் மீட்டுத் தருமென்று கூற முடியாது.

இந்த அவலம் தவிர்க்க முடியாத விதியல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 முதல் 39 வயது வரையான 1,441 முதலாம் வகை நீரிழிவு நோயாளரிடம் மேற்கொள்ளப்பட்டு 1993 இல் வெளியான ஆய்வு இதனை ஐயத்திற்கிடமின்றி நிரூபித்தது. குருதிச் சீனியை இயன்றளவு இயல்பு நிலைக்கு அண்மையில் பேணியவர்களில், விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 சதவீதத்தால் குறைந்தது. ஆய்வு முடிவடைந்த பின்னர் இரு பிரிவினரின் சீனிக் கட்டுப்பாடும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்தபோதிலும், முன்னர் நன்கு கட்டுப்படுத்தியவர்களின் கண்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கூடுதலாகப் பாதுகாக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. அதாவது, இளமையில் பேணிய ஒழுங்கை உடல் மறப்பதில்லை; இளமையில் விட்ட கவலையீனத்தையும் அது மறப்பதில்லை.

இரண்டாவது பாதுகாப்பு, உரிய காலத்தில் செய்யப்படும் பரிசோதனையாகும். 11 வயதையோ பூப்புப் பருவத்தையோ அடைந்த பிள்ளைக்கு நோய் ஏற்பட்டு 3 முதல் 5 ஆண்டுகள் கடந்திருப்பின் விழித்திரைப் பரிசோதனை தொடங்கப்பட வேண்டுமென அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அறிவுறுத்துகிறது. இங்கிலாந்தில் 2003 இல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய திட்டத்தின் கீழ், 12 வயதும் அதற்கு மேலும் உடைய நீரிழிவு நோயாளர் அனைவரும் அழைக்கப்பட்டு விழித்திரை படம் பிடிக்கப்படுகிறது. குறைந்தது ஐந்து தசாப்தங்களில் முதன்முறையாக, அங்கும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு நீரிழிவு முதற்காரணமாக இல்லையென 2014 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. இந்தப் பரிசோதனைத் திட்டமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாமென ஆய்வாளர்கள் கருதினர்.

எமது நாட்டில் இப்பிள்ளைகளுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசமாக வழங்கப்படுவது பெரும் பேறாகும். எனினும், இன்சுலின் பெறவரும் பிள்ளை கண் சிகிச்சைப் பிரிவுக்கும் தவறாது அனுப்பப்படுவதை உறுதிசெய்யும் ஒழுங்கு எல்லா மாவட்டங்களிலும் இருத்தல் வேண்டும். பாடசாலையில் எழுத்து அட்டையைக் காட்டிச் செய்யும் பார்வைச் சோதனை இதற்கு ஈடாகாது. கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்டு விழித்திரையைப் பார்ப்பதோ, அதனைப் படம் பிடிப்பதோ அவசியமாகும். படத்தைத் தூரத்திலுள்ள நிபுணருக்கு அனுப்பி ஆலோசனை பெறும் வசதி இன்று உள்ள நிலையில், நிபுணர் இல்லாத வைத்தியசாலையென்பது இதற்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை.

அரசு மட்டுமன்றி எமது சமூகங்களும் தம்மைச் சுயவிசாரணை செய்து கொள்ள வேண்டும். திருமணம் தடைப்படுமென அஞ்சி மகளின் நோயை மறைக்கும் பெற்றோர், அவளைச் சிகிச்சை நிலையத்திற்கு அழைத்துச் செல்வதையும் தவிர்த்து விடுகின்றனர். ஆனால், கருத்தரிப்பு விழித்திரைப் பாதிப்பை விரைவாக மோசமடையச் செய்யக்கூடியது. எனவே, கருத்தரிக்க முன்னரும் கர்ப்ப காலத்திலும் கண்களைப் பரிசோதிக்க வேண்டிய அப்பெண்ணை, அந்த மறைப்பே பேராபத்தில் தள்ளி விடும்.

கண் நன்றாகத் தெரிகின்றதென்பது பரிசோதனையைத் தள்ளிப் போடுவதற்கான காரணமல்ல. பரிசோதித்துக் காப்பாற்றுவதற்கு உகந்த காலம் அதுவே. இதனைப் பெற்றோரும் ஆசிரியரும் சுகாதாரத் துறையினரும் உணர்ந்து செயற்பட வேண்டும். ஒரு பிள்ளையை உயிரோடு காப்பாற்றிய சமூகம், அப்பிள்ளை உலகைக் காணும் உரிமையை அலட்சியத்தால் பறித்து விடலாகாது.