தேவாங்கும் பிள்ளையாரும்

தொடர்கதை படிக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. 'தொடரும்' என்று போட்டுவிட்டு ஆசிரியர் போய்விடுவார். அடுத்த இதழ் வருகிற வரையில் கதையை வீட்டார்தாம் நடத்துவார்கள். "கிணற்றில் விழுந்தவள் சாகவில்லை, அது வேறு பெண்" என்பாள் அக்கா. "அவன் அவளுக்கு அண்ணன் முறை, வேணுமானால் பாரேன்" என்பாள் பாட்டி. கல்லூரிக்குப் போகிற பிள்ளை முதல் அத்தியாயத்தில் வந்த மோதிரத்தை ஞாபகப்படுத்திப் புது வழக்கே தொடுப்பான். இவற்றுக்கெல்லாம் ஆதாரம் கால்வாசி, ஆசை முக்கால்வாசி. அதனால் சுவை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

நம்முடைய சரித்திரத்திலும் இப்படித் 'தொடரும்' போட்டு நிறுத்திய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. கடல் கொண்ட தென்னாடு என்று அதற்குப் பெயர். ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக அந்தக் கதையை வாசகர்களாகிய நாம்தான் நடத்தி வருகிறோம். இந்த வாரம் அதைக் கன்னியாகுமரியில் நின்று பார்க்காமல் ஏற்காட்டு மலைமேல் நின்று பார்க்கலாம் என்று உத்தேசம். கடலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது; சற்றுப் பொறுங்கள்.

முதலில் மூலக் கதையைக் கேட்போம். இறையனார் அகப்பொருள் என்ற இலக்கண நூலுக்கு ஓர் உரை உண்டு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். பாண்டியர் மூன்று சங்கம் வைத்துத் தமிழ் ஆராய்ந்தார்கள் என்று அது சொல்கிறது. முதற் சங்கம் கடல் கொண்ட மதுரையில் 4,440 ஆண்டு. ஆதரித்த அரசர் 89 பேர். இடைச் சங்கம் கபாடபுரத்தில் 3,700 ஆண்டு. அரசர் 59 பேர். கடைச் சங்கம் இப்போதைய மதுரையில் 1,850 ஆண்டு. அரசர் 49 பேர்.

வீட்டில் கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரக் குழந்தை இருந்தால் இந்த எண்களைக் கொடுத்துப் பாருங்கள். மூன்றையும் கூட்டினால் 9,990 வருகிறது. பதினாயிரத்துக்குப் பத்துதான் குறைவு! மூன்றையும் 37-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 120, 100, 50 என்று வருகிறது. அரசர் கணக்குப்படி இடைச் சங்கத்து மன்னர் ஒவ்வொருவரும் சராசரி அறுபத்திரண்டு வருஷத்துக்கு மேல் ஆண்டிருக்க வேண்டும். உலகத்தில் காலம் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. சொல்லச் சொல்ல வாய்க்கு இனிக்கும்படி யாரோ அழகாகக் கட்டிய கணக்கு இது என்றே தோன்றுகிறது.

பின்னால் வந்த அடியார்க்கு நல்லார், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதும்போது, மூழ்கிய நிலத்துக்கு எல்லை வகுத்துக் கொடுத்தார். பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம்; அதில் ஏழேழாக 49 நாடுகள். ஆனாலும் அவர் அதை நாடு என்றாரே தவிரக் கண்டம் என்று சொல்லவில்லை.

கண்டமாக்கியவர் யார் தெரியுமா? நம் தேவாங்கு!

ஆமாம், இராத்திரியில் மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு பெரிய கண்ணால் உருட்டி விழிக்குமே, அந்தச் சாதுப் பிராணிதான். மடகாஸ்கர் தீவில் லெமூர் என்ற விலங்கு ஏராளம். அதன் உறவினரான தேவாங்கு இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. நடுவே இந்து மகா சமுத்திரம். இந்தச் சின்னப் பிராணி சமுத்திரத்தை எப்படித் தாண்டிற்று? இங்கிலாந்து விலங்கியல் அறிஞர் பிலிப் ஸ்க்ளேட்டர் இதை யோசித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு நிலம் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று 1864-இல் எழுதினார். லெமூரின் பேரால் அந்த நிலத்துக்கு 'லெமூரியா' என்று பெயரும் வைத்தார். அதில் மனிதனே கிடையாது, நகரமும் கிடையாது. மரமும் லெமூரும்தான்.

பெயர் வைத்தாயிற்று என்றால் குடித்தனம் வரக் கேட்பானேன்? ஜெர்மன் அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல், ஆதி மனிதன் தோன்றிய இடம் அதுவாக இருக்கலாம் என்றார். பிரம்மஞான சங்கத்தின் பிளாவட்ஸ்கி அம்மையார், 1888-இல் வெளியிட்ட தம் நூலில், முட்டையிலிருந்து பிறந்த இராட்சத மனிதர்களை அங்கே குடியேற்றினார். அந்தச் சமயத்தில்தான் நம்முடைய தமிழறிஞர்கள் ஆங்கிலப் புத்தகங்களில் லெமூரியாவைக் கண்டார்கள். "அட, இது நம்ம உரையாசிரியர் சொன்ன நாடல்லவா!" என்று தோன்றாமல் இருக்குமா? தேவாங்கின் நிலமும் பாண்டியன் நிலமும் ஒன்றாயின. கந்தபுராணத்திலிருந்து 'குமரிக் கண்டம்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. புராணத்திலோ அது பாரதவர்ஷத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்றின் பெயர்தான். பிறகு வரைபடம் வந்தது. பாடப் புத்தகம் வந்தது. 1981-இல் மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக் கண்டத்தைப் பற்றி ஒரு படமே காட்டினார்கள்.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டது 1887-இல். அந்தக் காலத்தில் வீட்டுப் பரணிலும் மடத்து அலமாரியிலும் ஏடுகள் பொடிப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. உரைகளில் பெயர் மட்டும் வருகிற நூல்கள் எத்தனையோ உண்டு; ஏட்டைத் தேடினால் கிடைப்பதில்லை. நஷ்டம் உண்மையான நஷ்டம். அந்த நூல்களை நம் கவனக் குறைவால் கரையான் தின்றது என்று சொல்வதைவிடக் கடல் கொண்டது என்று சொல்வது கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது, அல்லவா?

விஞ்ஞானம் இப்போது என்ன சொல்கிறது? கண்டங்கள் மூழ்குவதில்லை, நகர்கின்றன. இதை ஆல்பிரட் வெகனர் 1912-இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1960-களில் கடலடியை ஆராய்ந்த பிறகு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். குமரிக்குத் தெற்கே பெரிய கண்டம் ஒன்று மனிதர் வாழ்ந்த காலத்தில் மூழ்கியதற்குக் கடலடியில் அடையாளம் இல்லை. ஆனால் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இப்போதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குக் கால் நனையாமல் நடந்தே போகலாம். பனி உருக உருகக் கடல் ஏறிக் கரையோர நிலத்தை விழுங்கியது. ஆகவே கடல் நிலத்தைக் கொண்டது என்பது வெறுங்கதை அல்ல. 700 காவதமும் 49 நாடும்தான் கதை.

இனி மலைக்கு வரலாம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போகிறோமே, அந்தச் சேர்வராயன் மலை எதனால் ஆனது? சார்னகைட் என்ற கருநிறப் பாறையால் ஆனது. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லைப் பார்த்து வைத்த பெயர் இது. இந்த மலைப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. ஸ்க்ளேட்டர் தேடிய நிலத்தின் ஒரு துண்டு மூழ்கவே இல்லை. அதன் மேல்தான் காப்பித் தோட்டம் போட்டிருக்கிறோம்! ஆனால் பிரிந்த காலத்தில் மனிதனும் இல்லை, லெமூரும் இல்லை. லெமூரின் மூதாதையர் பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட மரங்களில் தொற்றிக்கொண்டு மிதந்தே மடகாஸ்கர் போய்ச் சேர்ந்தன என்பது இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் கருத்து. பாலமே கட்ட வேண்டியிருக்கவில்லை.

மலைமேலும் ஊகங்களுக்குக் குறைவில்லை. சேர்வராயன் கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது. சேர்வராயரோடு காவேரியம்மனும் அங்கே குடியிருக்கிறாள். அந்தக் குகை காவிரி வரையில் போகிறது என்பார்கள். கரடிக் குகைக்குப் போனால், அது திப்பு சுல்தான் உபயோகித்த சுரங்கம் என்பார்கள். இருட்டான துவாரம் ஒன்று இருந்தால் போதும், நம் மனம் அதன் மறு கோடியைக் கட்டி முடித்துவிடுகிறது.

ஆனால் இதே மலையில் ஊகமே தேவைப்படாத ஒரு பழமை இருந்தது, அதுவும் கண்ணெதிரிலேயே. இங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்லர். தமிழ் பேசுகிற மலைவாசிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நிலத்தை உழும்போதும் கொத்தும்போதும் அவர்களுக்குச் சில கற்கள் கிடைத்தன. உள்ளங்கை நீளம்; ஒரு முனை கூர், மறு முனை அகன்று தீட்டிய வாய்; தொட்டால் வழவழப்பு. இயற்கையில் இப்படிக் கல் கிடையாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சாதாரண மனிதன் செய்ததாகவும் தோன்றவில்லை. எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவை புதிய கற்காலத்து மனிதர் செய்த கோடாரிகள். கடினமான கருங்கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டி, பிறகு கொத்திச் சமன் செய்து, மணலும் நீரும் விட்டு நாள் கணக்கில் தேய்த்து, மெருகேற்றி, மரக் காம்பில் பூட்டியது. இதே காலத்து மக்கள் பழைய வடாற்காடு மாவட்டத்துப் பையம்பள்ளியில் ஆடு மாடு வளர்த்தார்கள். கொள்ளும் பச்சைப் பயறும் விளைவித்தார்கள். 1960-களில் அங்கே நடந்த அகழ்வில் கரிந்துபோன தானியங்களே கிடைத்தன. அவர்களுக்கு 49 நாடுகள் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. வீட்டில் இரவு என்ன குழம்பு என்பது மட்டும் ஏறக்குறையத் தெரிகிறது. எனக்கென்னவோ இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

இந்தக் கற்களைத் தெரிந்துகொள்ள உதவியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். பூகர்ப்ப இலாகாவில் வேலை பார்த்தவர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் ஆதி மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி அன்று தொடங்கியது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பெர்சிவல் 1882-இல் ஏற்காட்டிலேயே காலமானார். மருமகனும் ஏற்காட்டையே தம் ஊராகக் கொண்டார். ஃபுட் ஆயுள் முழுவதும் சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அவர் செய்த பெரிய காரியம் கற்களைச் சேர்த்தது மாத்திரம் அல்ல. எந்தக் கல் எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்று அட்டவணை எழுதினாரே, அதுதான்.

கல்லுக்கு உயிர் அதன் விலாசத்தில் இருக்கிறது. கிடைத்த இடம் தெரிந்தால் அது சாட்சி; தெரியாவிட்டால் வெறும் அலங்காரப் பொருள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். சிவகளையில் அதற்கும் முற்பட்ட காலக் கணக்கை 2025-இல் வெளியிட்டார்கள். இரும்போடு சேர்ந்து கிடந்த கரி கலையாமல் இருந்ததால் அல்லவா அதைச் சொல்ல முடிந்தது? யாரேனும் முன்பே தோண்டி எடுத்து அலமாரியில் வைத்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

கடலுக்கடியில் இருக்கும் கண்டத்தை ஒருவரும் திருடப் போவதில்லை. மலைமேல் கிடக்கும் கோடாரியோ சட்டைப் பைக்குள் அடங்கும். சாலை போடும்போதும், மாளிகை கட்ட மண் வெட்டும்போதும், கல்லோடு கல்லாக அது ஜல்லியாகிப் போகும். பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்ட மலைவாசியின் ஊகம் தவறாக இருக்கலாம். ஆனால் அவன் அந்தக் கல்லை உடைக்கவில்லை, விற்கவில்லை. பூ வைத்துக் காப்பாற்றினான். தாயகத்தின் பெருமையைப் பற்றி ஓயாமல் பேசுகிற நம்மில் எத்தனை பேர் அவ்வளவு செய்திருக்கிறோம்?

அதனால் குமரிக் கண்டத்துக் கதையை வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், "இதில் உரையாசிரியர் சொன்னது எவ்வளவு, தேவாங்கு சொன்னது எவ்வளவு, நாம் சேர்த்தது எவ்வளவு?" என்று கேட்டு வையுங்கள். விடுமுறைக்கு ஏற்காடு போனால் படகுத் துறையோடு திரும்பிவிடாமல் ஹோலி டிரினிடி தேவாலயத்துக்கும் போய் வாருங்கள். 1912-இல் கல்கத்தாவில் காலமான ஃபுட்டின் அஸ்தியை அங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நடக்கிற வழியில் தீட்டிய வாயுடன் வழவழப்பான கல் ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, இருந்தபடியே படம் பிடித்து, சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். கோயிலில் இருந்தாலோ, கும்பிட்டுவிட்டு வாருங்கள்.