பெயர் வெட்டிய மாத்திரை

"என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று தில்லை நகரில் கிட்னி டாக்டர் கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா சுருக்குப்பையிலிருந்து வெள்ளைக் காகிதக் கவரை எடுத்து நீட்டினாள். உள்ளே மூன்று துண்டு. கத்தரியால் நறுக்கியதில் ஒன்றில்கூட முழுப்பெயர் இல்லை. டாக்டர் எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொன்னார்: ஒன்று டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரை, ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு, மற்றது வாயுவுக்கு.

இதற்கு எங்கள் பக்கம் 'ஒரு செட்' என்று பேர். அம்மா ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிறவள். விடியுமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். தெருமுனை மெடிக்கலில் ஒரு பையன், "இதைப் போடுங்கக்கா, சட்டுனு கேக்கும்" என்றான். கேட்டது. இரண்டு வருஷம் கேட்டது. பாவி நான், எத்தனை சாயங்காலம் நானே போய் வாங்கி வந்திருக்கிறேன்! அந்தக் கடைச் சுவரில் பார்மசிஸ்ட் சான்றிதழ் தொங்குகிறது. அதில் இருக்கிற முகத்தை ஒருநாளும் கடையில் பார்த்ததில்லை.

அம்மாவுக்குப் பத்து வருஷமாக பி.பி. "பி.பி., சுகர் இருக்கா?" என்று அந்தப் பையன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்து வைக்கிற புரோஸ்டாகிளாண்டினை இந்த வலி மாத்திரை தடுத்துவிடுமாம். வலியும் அடங்கும், கிட்னிக்குப் போகிற ரத்தமும் குறையும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்தால் அந்த வரி யார் கண்ணில் படும்?

இதே டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று, கிட்னி கெட்டு, பாறுக்கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-ல் அந்த மருந்தை மாட்டுக்குக் கொடுக்கத் தடை வந்தது. மனிதருக்கான ஊசிமருந்துக் குப்பி மாட்டுக்குப் போய்விடக் கூடாதென்று 2015-ல் அதையும் 3 மில்லிக்குள் அடக்கினார்கள். பாறுகள் பிழைக்கட்டும், மனசார வேண்டுகிறேன். என் தாயைக் காக்க ஏற்கெனவே சட்டம் இருந்ததே, அதைக் கையில் எடுக்க ஒருவரும் வரவில்லையே!

இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், நாலு நாலு மணி நேரம். அதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். தொட்டால் தோலுக்கடியில் வண்டு போல ரீங்கரிக்கிறது. நாரைப் பிடித்த கை அது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு நான் தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்கிறேன். "இன்னும் ஒரு வாய்டீ" என்கிறாள். கொடுக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தலையணைக்கடியைப் பாருங்கள், சுருக்குப்பையைப் பாருங்கள். அந்த வெள்ளைக் கவர் இருந்தால் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.