முதிர்ந்த வைனும் முதிராத மதிப்பீடும்

மேனாட்டு விருந்து மேசைகளிலே நெடுங்காலமாக ஒரு விதி கோலோச்சி வருகின்றது. வைன் பழையதாயின் போற்றத்தக்கது, புதியதாயின் பொறுத்துக்கொள்ளத்தக்கது. நண்பர் நால்வர் கூடிப் பழைய போத்தலொன்றையும் புதிய போத்தலொன்றையும் அருகருகே திறந்து சுவைத்து ஒப்புநோக்கும் வேளையிற்கூட, அவ்விதி அவர்களுக்கு முன்னரே கதிரையில் அமர்ந்துவிடுகின்றது. லேபலிற் பொறித்த ஆண்டைக் கண்டதும் குரல்கள் தாழ்கின்றன. போத்தலை விலைகொடுத்து வாங்கியவரின் முகத்தை நோக்கியே ஏனையோர் தம் அபிப்பிராயத்தை வகுத்துக்கொள்கின்றனர்.

முதுமையால் வைனில் மாற்றம் விளைவதில்லை என எவரும் வாதிடார். செந்நிற வைனிலுள்ள தனின் எனும் துவர்ப்புப் பொருளும் நிறப்பொருள்களும் காலப்போக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, ஈற்றில் மண்டியாகப் போத்தலின் அடியிற் படிகின்றன. துவர்ப்புத் தணிகின்றது, ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாகின்றது, பழமணம் விலக, தோல், காளான், ஈரச்சருகு முதலியவற்றின் மணம் தலைகாட்டுகின்றது. இவை மாற்றங்கள் என்பது உண்மை. மாற்றம் யாவும் மேம்பாடே என்பது எங்ஙனம் பெறப்பட்டது? உலகில் வடிக்கப்படும் வைனிற் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்துதற்கென்றே ஆக்கப்படுவது. நவம்பர் மாதத்து மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும் பிரான்சின் பொஜொலே நூவோ, அறுவடை முடிந்து சில வாரங்களே ஆன வைன். அதனைப் பத்தாண்டு நிலவறையிற் பூட்டி வைப்பவர் ஈற்றில் திறப்பது அதன் பிணத்தையே. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைச் சங்கப் புலவரும் புகழ்ந்தனர். எனினும் குழாயின் வயதை எண்ணி அவர்கள் ஏலம் கூறியதாகத் தெரியவில்லை.

பழமைவாதிகளின் வாதம் எத்தகையது என்பதை 1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாரிஸில் நிகழ்ந்த சுவைத்தேர்வு வெளிப்படுத்திற்று. ஸ்டீவன் ஸ்பரியர் எனும் ஆங்கிலேய வணிகர் நடாத்திய அத்தேர்விலே, எது எவ்வைன் என அறியாவண்ணம் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் புள்ளியிட்டனர். செந்நிற வைன்களுள் கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டு ஸ்டாக்ஸ் லீப் முதலிடம் பெற்றது. போர்தோவின் புகழ்பெற்ற இல்லங்கள் பின்தங்கின. ‘எம் வைன்கள் இன்னும் இளமையானவை, காலம் தீர்ப்புக் கூறட்டும்’ என்பதே பிரெஞ்சுத் தரப்பினர் கூறிய சமாதானம். சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், அதே செந்நிற வைன்கள் இலண்டனிலும் நாபாவிலும் மீண்டும் சுவைக்கப்பட்டன. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிட்டின. முதலாவது 1971ஆம் ஆண்டு ரிட்ஜ் மொண்டே பெல்லோ. முதுமை என அவர்கள் கூறியது நாவின் அநுபவத்தையன்று, குலப்பெருமையையே என்பது இதனாற் புலனாகும்.

ஆயின் நண்பர்கள் கூடி ஒப்புநோக்குவது வீண்வேலையா? அன்று. போத்தல்களைக் கடதாசியாற் சுற்றிவிட்டு, ஒருவர் வாய்திறக்குமுன் அனைவரும் தத்தம் புள்ளிகளை எழுதிவிடின் அம்மேசை நேர்மையானதாகும். அப்போதும் விழிப்பு வேண்டும். இளம் வைனின் கடுந்துவர்ப்பு நாவை மரக்கச் செய்யுமாதலால், அதன்பின் வரும் முதியது வலுவற்றதாகத் தோன்றக்கூடும். மிகப் பழையதோ திறந்து அரைமணி நேரத்துள் மணம் இழத்தலும் உண்டு. எனவே வரிசையை மாற்றி இருமுறை சுவைத்தல் நன்று. இத்தனைக்கும் பின்னர் ஒருவர் இளையதே இனியதெனின், அவரை இரசனையற்றவர் என இகழ எவருக்கும் உரிமையில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் நண்பருக்கும் பண்ணை உடைமையாளருக்கும் நா ஒன்றே.

அவ்வுரிமையைப் பணத்திடம் ஒப்படைத்தவர்க்கு நேர்ந்த கதியை ரூடி குர்னியவான் வழக்கு காட்டும். அமெரிக்கச் செல்வந்தரின் சுவைவிருந்துகளிலே பழைய பேகண்டி வைன்களின் நிபுணராகக் கொண்டாடப்பட்டவர் அவர். விருந்து முடிந்ததும் வெற்றுப் போத்தல்களைத் தமக்கு அனுப்புமாறு கேட்பது அவர் வழக்கம். விலைகுறைந்த பழைய வைனுடன் இளம் கலிபோர்னிய வைனைத் தம் இல்லத்திலே கலந்து, அப்போத்தல்களில் அடைத்து விற்றார். பல்லாயிரம் டொலர் கொடுத்தோர் அதனுட் பழமையின் ஆழத்தைக் கண்டு வியந்தனர்! குட்டு வெளிப்பட்டமைக்கு முக்கிய காரணம் நாவுமன்று. 1945ஆம் ஆண்டினது என 2008இல் ஏலத்துக்கு வந்த குளோ சன் தெனி வைனை, லேபலிற் கண்ட பொன்சோ இல்லம் 1980களுக்கு முன் வடித்ததே இல்லை. அவ்வில்லத் தலைவர் நேரில் நியூயோர்க் வந்து தடுக்கவேண்டியதாயிற்று. 2013இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட குர்னியவானுக்கு 2014இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கைப்பற்றப்பட்ட போத்தல்களுள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை 2015 டிசெம்பரில் டெக்சாஸில் நொறுக்கப்பட்டு, அவற்றிலிருந்த வைன் பசளைக்குச் சென்றது.