மேடும் பள்ளமும் நமக்குத் தெரிய வேண்டும்

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கப் போகும் நம் தோட்டத்து மக்கள் பீச் ஸ்திரீட்டைக் குறுக்கே கடந்துதான் போகிறார்கள். பெயர் கடற்கரைத் தெரு. ஆனால் அங்கே கடலும் இல்லை, கரையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்ற புதிய துறைமுகச் சாலையை அமைத்தார்கள். அதற்கு முன்னால் அந்தத் தெருதான் கரையாக இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் உள்ள குயின் ஸ்திரீட் எல்லாம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் கிடக்கின்றன.

"இந்த மேடு பள்ளக் கணக்கெல்லாம் நமக்கு எதுக்குங்க? பாலுக்கும் குலைக்கும் கூலி சரியா வந்தாப் போதாதா?" என்று தோழர்கள் கேட்கலாம். போதாது என்பதே நமது பதில். நாம் எந்த நிலத்தில் படுத்து எழுகிறோம், அது கடலுக்கு எத்தனை அடி மேலே இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் கூலியைப் போலவே நமது வாழ்வையும் சாவையும் தீர்மானித்து வந்திருக்கின்றன. அந்தத் தீர்மானத்தை இதுவரை மற்றவர்களே எடுத்தார்கள். இனிமேல் நாமும் எடுக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாழ்ந்த நிலம் பச்சை, உயர்ந்த நிலம் பழுப்பு. சபாவில் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கிறது கினபாலு மலை. தீபகற்பத்தில் 2,187 மீட்டரில் தஹான் மலை. நடுவே முதுகெலும்பு போல ஓடும் தித்திவங்சா மலைத்தொடரில் கோர்பு மலை 2,183 மீட்டர். மேற்கே கடலோரம் முழுதும் பச்சை. இந்தப் பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில், அடிவாரக் குன்றுகளிலும் அதையொட்டிய சமவெளியிலும்தான் நம் முன்னோர் காடழித்த தோட்டங்கள் பெரும்பாலும் அமைந்தன. உயரங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். ஆனால் அந்தப் படத்தில் நம் லயம் எங்கே இருக்கிறது என்று நமக்கு யாரும் காட்டவில்லை.

பினாங்குத் தீவையே எடுத்துக்கொள்வோம். நடுவில் வடக்குத் தெற்காக மலை. வடகிழக்கு மூலையில் தட்டையான ஒரு முனை. அந்த முனையில்தான் 1786இல் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ் டவுனை அமைத்தார். நகரத்தில் காய்ச்சல் மிகுந்தது. துரைமார்கள் உடனே மலையை அண்ணாந்து பார்த்தார்கள். கொடிமலைக்குப் பாதை வெட்டி, பங்களா கட்டி, நோயாற்றிக்கொள்ள அங்கே போனார்கள். அவர்களை நாற்காலியில் வைத்து மனிதர்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. 833 மீட்டர் வரை உயரும் அந்த மலையில் நகரத்தைவிட ஏறக்குறைய 5 பாகை வெப்பம் குறைவு. அந்த 5 பாகைக் குளிர்ச்சி யாருக்குக் கிடைத்தது, மூட்டை தூக்கவும் தோணி தள்ளவும் கீழே துறைமுகத்தில் நின்றவர் யார் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. கேமரன் மலை, பிரேசர் மலை, தைப்பிங்கின் மேக்ஸ்வெல் மலை எல்லாவற்றின் கதையும் இதுதான். மேட்டு நிலம் ஓய்வுக்கு, பள்ள நிலம் உழைப்புக்கு!

கடலுக்கு இந்தப் பக்கம் செபராங் பிறை. அன்றைக்கு அது வெல்லஸ்லி மாகாணம். தென்பகுதியில் நிபோங் திபால், பத்து காவான் வட்டாரமெல்லாம் சேற்றுச் சமவெளி. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் தழைத்தன. ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் முதன்முதலில் பெருந்தொகையாக வந்து இறங்கியது அந்தச் சேற்றில்தான். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் குன்றுகளிலும் ஏறியது. அங்கேதான் ஒரு பெரிய பாடம் காத்திருந்தது.

மருத்துவர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் மலேரியாவை எதிர்த்து வேலை தொடங்கினார். கடலோரச் சமவெளியில் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி வெயில் படும்படி செய்தார். அந்தச் சமவெளியில் காய்ச்சலைப் பரப்பிய கொசு நிழலில் வளர்வது. அதனால் காய்ச்சல் குறைந்தது. நல்ல வைத்தியம் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் குன்றுத் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது! மலையோடையில் வெயில் பட்டதும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற வேறொரு கொசு அங்கே பெருகியது. அது வெயிலில் ஓடும் தெளிந்த நீரை விரும்பும் கொசு. சமவெளியில் உயிர் காத்த அதே வேலை குன்றில் உயிரை எடுத்தது. ஓடை நீரைக் குழாய் வழியாக மண்ணுக்கு அடியில் கொண்டுபோக வேண்டும், நீர்மேல் எண்ணெய் தெளிக்க வேண்டும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதற்குள் எத்தனை லயங்களில் எத்தனை அடுப்புகள் அணைந்து போயின! நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரியாமல் போட்ட கணக்குக்கு உயிரைக் கொடுத்தவர்கள் கூலிக்காரர்கள்.

சங்க வேலையாக நாம் ஏறி இறங்கிய தோட்டங்களில் ஓர் ஒழுங்கைப் பார்த்திருக்கிறோம். குன்றின் தலையில் துரை பங்களா, நல்ல காற்று. அதற்குக் கொஞ்சம் கீழே கிராணிமார் வீடு. எல்லாவற்றுக்கும் கீழே, ஓடைப் பக்கத்தில் லயம். "இறங்கிப் போனா லயம், ஏறிப் போனா ஆபீஸ்" என்று நம் பிள்ளைகளே வழி சொல்வார்கள். பெருமழை பெய்தால் மேலே இருக்கும் சாக்கடையெல்லாம் கீழே நம் வாசலுக்குத்தான் வரும். அந்த ஒழுங்கைத் தற்செயல் என்று நாம் எண்ணவில்லை.

இப்போது தோட்டங்கள் விற்கப்படுகின்றன, துண்டாடப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக இருந்த லயத்தைக் காலிசெய்து, சேமநிதியில் சேர்ந்ததைப் போட்டு ஊரில் வீடு பார்க்கிறோம். அப்போது என்ன கேட்கிறோம்? "மாசம் எவ்வளவு கட்டணும்? எத்தனை ரூம்? கிட்டத்துல தமிழ்ப்பள்ளி இருக்கா?" எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று மட்டும் கேட்பதில்லை. விலை மலிவாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். சில இடங்களில் அந்த மலிவுக்குக் காரணமே பள்ளம்தான்!

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் பெய்த மழையை மறக்க முடியுமா? தீவும் செபராங் பிறையும் சேர்ந்து மூழ்கின. ஏழு உயிர்கள் போயின. இராணுவத்தை உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. மலையில் விழுந்த மழையெல்லாம் ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து பினாங்கு ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் கடல் பெருக்கெடுத்து நின்றால் ஆற்று நீருக்கு வழியில்லை. அது வீட்டுக்குள் வரும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்ததும் அதுதான். ஆற்றோரத்துத் தாழ்நிலம். கீழ்த்தளம் முழுகி, மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கடலோரத்தையும் மறந்துவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை பினாங்கில் 52 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். ஏறிய கரையும் இறங்கிய கரையும் ஒரே தாழ்வு. ஒரே அலை இரண்டையும் தொட்டது.

அப்படியானால் மேட்டில் குடியேறினால் சரியா? அதுவும் இல்லை. மலைநிலம் வேறு வகையில் ஆளைக் கொல்லும். 2014 அக்டோபர் 29இல் இலங்கை மலையகத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். நம் நாட்டில் 1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். அவர்கள் லயத்து மக்கள் அல்லர், வசதியாக வாழ்ந்தவர்கள். பின்னால் இருந்த சரிவு ஏழை பணக்காரன் பார்க்கவில்லை. எனவே உயரம் மட்டும் கணக்கல்ல. சரிவும், மண்ணும், நீர் வடியும் வழியும் சேர்ந்ததுதான் கணக்கு.

பினாங்கில் கடல் மட்டத்துக்கு 76 மீட்டருக்கு மேல், அதாவது 250 அடிக்கு மேல் உள்ள நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும் மலைநிலம் என்று வகுத்து, அங்கே கட்டடம் எழுப்பக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் புதைந்தார்கள். அடுத்த ஆண்டு அதே அக்டோபரில் பாயா தெருபோங் புக்கிட் கூக்குஸ் சாலை வேலையில் 9 பேர் போனார்கள். இந்த இரண்டு இடத்திலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த கூலிகள். நூறு ஆண்டுக்கு முன் நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். "அது நம்மாளுங்க இல்லையே" என்று ஒதுங்கினால் நம் பாட்டன் செத்த சாவையும் சேர்த்து மறந்தவர்கள் ஆவோம்.

"எல்லாம் தெரிஞ்சு என்னங்க செய்றது? கொடுத்த எடத்துலதானே இருக்கணும்?" இந்தக் கேள்வி நியாயமானது. மீரியபெத்தையில் ஆபத்து இருக்கிறது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் சொந்தமாகக் கையளவு நிலம் இல்லாதவன் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே போவான்? ஆகவே தெரிந்துகொள்வது முதல் படி. சேர்ந்து கேட்பது இரண்டாவது படி. ஒருவர் தனியாகக் கேட்டால் "வேணும்னா வாங்கு, வேணாம்னா போ" என்பார்கள். ஒரு தோட்டமே சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனவே தோட்டத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு குடும்பமும், மாற்று வீடு பற்றிப் பேசப் போகும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, இந்த இடத்தில் இதற்கு முன் வெள்ளம் ஏறியிருக்கிறதா, எவ்வளவு உயரம் ஏறியது? இரண்டு, மழைநீர் எந்த வாய்க்காலில் இறங்கி எந்த ஆற்றில் சேர்கிறது, கடல் பெருக்கில் அது அடைபடுமா? மூன்று, வீட்டுக்குப் பின்னால் வெட்டிய சரிவு இருக்கிறதா, அதைப் பராமரிப்பது யார் பொறுப்பு? வடிகால் நீர்ப்பாசன இலாகாவிலும் மாநகர் மன்றத்திலும் விசாரிக்கலாம். அதைவிட, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். "தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சி?" என்றால் சுவரைத் தொட்டே காட்டிவிடுவார்கள். அந்தக் கறைதான் சரியான அளவுகோல். அதைப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தெருக்களிலிருந்து தேரோடு நடந்து, தண்ணீர்மலையில் 513 படி ஏறுகிறோம். கடல் மட்டத்திலிருந்து மலைவரை நிலம் எப்படி எழும்புகிறது என்பதை நம் கால்கள் அறிந்திருக்கின்றன. அந்த அறிவை வீடு பார்க்கும்போதும் பயன்படுத்த வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அணை கோலுவதற்கும் முன்னால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கூலி, போனஸ் ஆகியவற்றோடு இதையும் ஒரு விஷயமாக எழுதிக்கொள்ளுங்கள்.